மஞ்சப்பையும் மெரோபெனமும்

எங்கள் வார்டுக்கு அட்மிஷனாகி வருகிறவர்களில் பாதிப் பேர் கையில் ஒரு மஞ்சப்பை இருக்கும். ஏதோ ஒரு கல்யாணத்தில் தாம்பூலத்தோடு கொடுத்த பை. உள்ளே பழைய ஃபைல், மடித்து மடித்து நைந்துபோன ஈசிஜி, ஸ்கேன் கவர். எல்லாவற்றுக்கும் அடியில் மாத்திரைகள். பெயர் அச்சடித்த ஓரத்தைக் கத்தரித்து எறிந்துவிட்ட அட்டைகள், ரப்பர் பேண்ட் போட்டுச் சுற்றியவை, விபூதி டப்பாவில் உதிரியாகக் கிடப்பவை. நான் முதலில் பார்ப்பது கேஸ் ஷீட்டை இல்லை, இந்தப் பையைத்தான்.

நான் க்ளினிக்கல் பார்மசிஸ்ட், அதாவது வார்டில் நோயாளிகளின் மருந்துகளைச் சரிபார்க்கிறவள். ஊர் கொழிஞ்சாம்பாறைப் பக்கம், வேலை பாலக்காட்டில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில். வேலந்தாவளம், எருத்தேம்பதி, வண்ணாமடை, கோபாலபுரம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் என்று எல்லை ஓரத்து ஜனங்கள்தான் எங்கள் மெடிக்கல் வார்டில் பெரும்பங்கு. ரேஷன் கார்டு கேரளத்தில், பெண் கொடுத்தது பொள்ளாச்சியில், பெரிய வைத்தியம் என்றால் கோயமுத்தூர், காய்ச்சல் சளிக்கு எது பக்கமோ அது. பேசுவது கொங்குத் தமிழ். டாக்டர்களும் சிஸ்டர்களும் பேசுவது மலையாளம். ஒருவருக்கொருவர் புரியாமல் போவதில்லை. ஆனால் "சாப்பிட்டேன்" என்று தலையாட்டுவதற்கும், எதை எப்போது எவ்வளவு சாப்பிட்டார் என்று தெரிவதற்கும் நடுவில் நிறைய தூரம் இருக்கிறது.

பையை வாங்கி, லாக்கர் மேல் பேப்பர் விரித்துக் கொட்டுவேன். இது எதுக்குங்க, எப்ப போடுவீங்க, கடைசியா எப்ப போட்டீங்க. இந்த மூன்று கேள்விதான். மெடிகேஷன் ரிகன்சிலியேஷன் என்று படிப்பில் இதற்குப் பெரிய பெயர் உண்டு. எங்கள் ஊர்ப் பாட்டிகளுக்கு அது "மாத்தர எண்ணற புள்ள வந்துருச்சு".

ஒரு பெரியவர், எழுபது தாண்டியவர். தோப்பில் மயங்கி விழுந்து ராத்திரி கேஷுவால்டிக்கு வந்தபோது சுகர் 38. டெக்ஸ்ட்ரோஸ் என்ற சர்க்கரை டிரிப் ஏற்றியதும் எழுந்து உட்கார்ந்து டீ கேட்டாராம். சாப்பாடு தவறியதால் சுகர் இறங்கியது என்று ஷீட்டில் எழுதியிருந்தது. அவரும் அதையேதான் சொன்னார். காலையில் பையைக் கொட்டினால் மூன்று சர்க்கரை அட்டை. கோவை டாக்டர் எழுதிய க்ளிமெபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்தது ஒன்று. இந்தப் பக்கம் வாங்கிய தனி க்ளிமெபிரைடு ஒன்று, வேறு கம்பெனி, வேறு நிறம். மாதத்தில் பாதி நாள் பொள்ளாச்சிப் பக்கம் மகள் வீட்டில் இருப்பாராம். அங்கே "மக்களைத் தேடி மருத்துவம்" ஊழியர் வீட்டுக்கே வந்து கொடுத்த மெட்ஃபார்மின் இன்னொன்று. தமிழ்நாட்டு அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய திட்டம் அது. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை வாங்க அலையாமல் எத்தனையோ வயசாளிகளைக் காப்பாற்றியிருக்கிறது.

"மூணும் சக்கரைக்குத்தானுங்க அம்மிணி. மூணு டாக்டர் குடுத்தாங்க, ஒருத்தர் குடுத்ததப் போட்டு இன்னொருத்தர் குடுத்தத உடறது எப்படீங்க?"

இதில் யாரைக் குறை சொல்ல? எழுதிய ஒவ்வொருவரும் தன் சீட்டை மட்டும் பார்த்தார்கள். மூன்றும் சேர்ந்திருந்த ஒரே இடம் அந்த மஞ்சப்பை.

ரவுண்ட்ஸில் டாக்டர் அந்தக் கட்டிலுக்கு வந்தபோது சுகர் 160. மத்தியானம் டிஸ்சார்ஜ் என்று எழுதப் போனார். இரண்டு க்ளிமெபிரைடு உள்ளே போயிருக்கிறது என்றேன். பேனா நின்றது. க்ளிமெபிரைடு மாதிரி சல்ஃபோனைல்யூரியா மருந்துகள் கணையத்தைப் பிழிந்து இன்சுலினை வரவைக்கும் ஜாதி. வயதானவர்களுக்கு, அதிலும் சிறுநீரகம் கொஞ்சம் தளர்ந்திருந்தால், நாள் கணக்கில் உடம்பில் தங்கும். டிரிப் நின்றதும் சுகர் மறுபடி இறங்கும். ஒரு நாளாவது வைத்துப் பார்க்க வேண்டும். வைத்துப் பார்த்தார்கள். சாயங்காலம் 58க்கு இறங்கியது. வார்டில் இருந்ததால் ஒரு ஊசியோடு போயிற்று.

இந்தப் பதிவில் நான் சொல்ல வந்தது அந்தப் பேனா நின்ற இடத்தைப் பற்றித்தான்.

மருந்துச் சீட்டைச் சரிபார்க்க பார்மசிஸ்ட் ரவுண்ட்ஸில் நிற்க வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. டாக்டர் எழுதட்டும், வார்டிலிருந்து மருந்து கேட்கும் இன்டென்ட் சீட்டு பார்மசிக்கு வரட்டும், அங்கே உட்கார்ந்து பார்த்துத் தப்பிருந்தால் போன் பண்ணு. முதலில் வேலை பார்த்த இடத்தில் அப்படித்தான் செய்தேன். போன் போகும்போது டாக்டர் ஓ.பி.யில் நாற்பது பேருக்கு நடுவில் இருப்பார். சிஸ்டர் முதல் டோஸைப் போட்டிருப்பார். எழுதியதை மாற்றச் சொல்வது வேறு, எழுதும்முன் ஒரு தகவல் கொடுப்பது வேறு. முன்னது குற்றம் கண்டுபிடிப்பதாகத் தொனிக்கும். பின்னது கூட நின்று வேலை செய்வது. பேனா தாளில் படுவதற்கு முந்தைய அரை நிமிடம் கட்டிலோரத்தில் மட்டும்தான் கிடைக்கும்.

படிக்கிற காலத்தில் எங்களுக்கு வேதம் மாதிரி ஒரு ஆய்வு இருந்தது. 1999இல் ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழில் வந்தது. பாஸ்டனில் மாசசூசெட்ஸ் ஜெனரல் ஆஸ்பத்திரியின் ஒரு ஐ.சி.யூ.வில் அனுபவமுள்ள பார்மசிஸ்ட் ஒருவரை டாக்டர்களோடு காலை ரவுண்ட்ஸில் நிறுத்தினார்கள். மருந்து எழுதுவதில் நேரும் பிழைகளால் வரும், தடுத்திருக்கக்கூடிய பாதிப்புகள் ஆயிரம் நோயாளி நாட்களுக்கு (ஒரு நோயாளி ஒரு நாள் இருந்தால் ஒன்று) 10.4இலிருந்து 3.5 ஆக இறங்கின. பார்மசிஸ்ட் சொன்ன 366 யோசனைகளில் 362ஐ டாக்டர்கள் ஏற்றுக்கொண்டார்கள். எல்லோரும் மேற்கோள் காட்டுவது இந்த எண்களை. எனக்குப் பிடித்தது வேறொரு வரி: ரவுண்ட்ஸ் முடிந்ததும் அந்த பார்மசிஸ்ட் கீழே போய்விடவில்லை, மிச்சக் காலைப்பொழுதும் ஐ.சி.யூ.விலேயே இருந்தார், அதன் பிறகும் கூப்பிட்டால் வருவார். அங்கே ஒரு ஐ.சி.யூ.வுக்கு ஒருவர். இங்கே இரண்டு மாடிக்கு நான். அதனால் 66 சதவீதம் குறைந்தது என்ற எண்ணை எங்கள் ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்ட எனக்குக் கூச்சமாக இருக்கும்.

சரி, வார்டுக்கு வருவோம்.

78 வயதுப் பாட்டி. மூத்திரத்தில் தொற்று, அது ரத்தத்துக்கும் பரவி, மெரோபெனம் என்ற ஆன்டிபயாடிக் ஊசி ஒரு கிராம் எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஓடிக்கொண்டிருந்தது. கிரியாட்டினின் 1.4. லேப் ரிப்போர்ட்டில் அது லேசாகத் தடித்த எழுத்தில் இருக்கும், யாரும் பதறமாட்டார்கள். ஆனால் கிரியாட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு, அதை வெளியேற்றுவது சிறுநீரகம். பாட்டி உடம்பில் தசை எங்கே இருக்கிறது? சிறுநீரகம் நிமிடத்துக்கு எத்தனை மில்லி சுத்தம் செய்கிறது என்று கணக்கிட 1976இல் காக்ராஃப்ட், கால்ட் என்ற இருவர் கொடுத்த சூத்திரத்தை நாங்கள் தூக்கத்தில்கூடச் சொல்லுவோம்: 140இலிருந்து வயதைக் கழி, எடையால் பெருக்கு, 72ஐயும் கிரியாட்டினினையும் பெருக்கி அதால் வகு, பெண்ணாக இருந்தால் 0.85ஆல் பெருக்கு. முப்பது வயது, எண்பது கிலோ ஆணுக்கு இதே 1.4 இருந்தால் விடை 87. சிறுநீரகம் நன்றாகவே ஓடுகிறது.

பாட்டிக்குக் கணக்குப் போட எடை வேண்டும். ஷீட்டில் 50 கிலோ என்றிருந்தது. படுத்தே வந்தவர், கேஷுவால்டியில் யாரோ கண்ணால் பார்த்து எழுதியது. 50 என்று போட்டால் விடை 26. மெரோபெனம் சிறுநீரகம் வழியாக வெளியேறுவது; அதற்கு 26இலிருந்து 50 வரை என்றால் அதே ஒரு கிராம், பன்னிரண்டு மணிக்கு ஒருமுறை. சிஸ்டரும் நானும் பாட்டியைத் தாங்கிப் பிடித்து மெஷின் மேல் நிறுத்தினோம். "தள்ளி உட்ராதீங்க கண்ணுகளா" என்று சிரித்துக்கொண்டே ஏறினார். 42. இப்போது விடை 22. 10இலிருந்து 25 வரை என்றால் அரை கிராம், பன்னிரண்டு மணிக்கு ஒருமுறை. யாரோ கண்ணளவில் போட்ட எட்டு கிலோவில் மருந்து இரண்டு மடங்காகிறது. அதிகமானால் மெரோபெனம் வலிப்பைக் கொண்டுவரும்.

உடனே குறைக்கச் சொன்னேனா? இல்லை. இதைத்தான் புதிதாக வரும் இன்டர்ன்களிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். ரத்தத்தில் தொற்று என்றால் முதல் நாள் மருந்து முழுசாகப் போகட்டும். அட்மிஷனன்று ஏறியிருக்கும் கிரியாட்டினின் தண்ணீர் ஏற்றியதும் பலருக்கு இரண்டு நாளில் இறங்கிவிடும். அதற்குள் டோஸைக் குறைத்தால் கிருமிக்குத்தான் கொண்டாட்டம். ரவுண்ட்ஸில் நான் சொன்னது: "டாக்டர், எடை 42தான். இன்னைக்கு இப்படியே போகட்டும். நாளைக்கு ரிப்பீட் கிரியாட்டினின் இறங்கலைன்னா அரை கிராமுக்கு மாத்தலாமா?" மறுநாள் இறங்கவில்லை. மாற்றினார்கள். வெறும் கால்குலேட்டர் முதல் நாளே குறைக்கச் சொல்லியிருக்கும்.

எப்படிச் சொல்வது என்பது தனிப் பாடம், அது எந்த சிலபஸிலும் கிடையாது. நோயாளியின் முன்னால், அதிலும் சொந்தக்காரர்கள் சுற்றி நிற்கும்போது, "இது தப்பு" என்று சொல்லவே கூடாது. டாக்டர் கோபித்துக்கொள்வார் என்பதற்காக மட்டும் இல்லை. அந்த வார்த்தை நோயாளி காதில் விழுந்தால் அன்றைய ஊசியே வேண்டாம் என்பார். அதனால் கேள்வியாகக் கேட்பேன். "காலைல வந்த பொட்டாசியம் பாத்தீங்களா டாக்டர்?" பாதிக்கு மேல் அதிலேயே முடிந்துவிடும். மிச்சத்தை இரண்டு கட்டிலுக்கு நடுவில் நடக்கும்போது மெதுவாகச் சொல்லலாம். அவசரம் என்றால் மட்டும் நேராக: "இத நிறுத்தணும் டாக்டர், இப்பவே."

ஆரம்பத்தில் ஒரு சீனியர் டாக்டர் நான் வாயைத் திறந்தாலே வாட்சைப் பார்ப்பார். அவர் மேல் எனக்கு மரியாதை குறையவில்லை. முப்பது வருஷமாக மருந்து எழுதுகிறவர் பக்கத்தில் நேற்று வந்த பெண் ஃபைலோடு நின்றால் யாருக்கும் உறுத்தும். அவர் மனம் மாறியது ஒரு பீடிக்காரரால்.

மூச்சிரைப்போடு வந்தவர், கல்குவாரியில் வேலை செய்தவர். மூச்சுக்காக வருஷக்கணக்காக டெரிஃபிலின் மாத்திரை போடுகிறார். மூத்திரத்தில் எரிச்சல் என்றதும் வேறு பிரிவு டாக்டர் வந்து பார்த்து சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக்கை எழுதிவிட்டுப் போனார். மூன்றாம் நாள் குமட்டல், ராத்திரித் தூக்கமில்லை, நாடித் துடிப்பு 124. பீடி கிடைக்காத தவிப்பு என்று சிஸ்டர்கள் நினைத்தார்கள். அவருடைய மகனும் அதையேதான் சொன்னார்: "ஒரு நாளைக்கு ரெண்டு கட்டு இழுக்கற ஆளுங்க." ரவுண்ட்ஸில் அவர் கையை நீட்டிக் காட்டினார். விரல்கள் நடுங்கின. டம்ளரில் இருந்த கஞ்சி தளும்பிப் போர்வையில் சிந்தியது.

அந்தக் கையைப் பார்த்ததும்தான் எனக்கு இரண்டும் சேர்ந்தன. டெரிஃபிலினில் இருப்பது தியோஃபிலின். அதைக் கல்லீரலில் ஒரு நொதி சிதைத்து வெளியேற்றுகிறது. பீடிப் புகை அந்த நொதியை முடுக்கிவிடும். அதனால் புகைப்பவர் உடம்பில் மருந்து சீக்கிரம் தீர்ந்துபோகும், டோஸ் கூடுதலாகத் தேவைப்படும். ஆஸ்பத்திரியில் பீடி நின்றது. நொதி சில நாளில் தணிந்துவிடும், அதே மாத்திரை ரத்தத்தில் ஏறத் தொடங்கும். போதாததற்கு, சிப்ரோஃப்ளாக்சசின் அதே நொதியை அமுக்கும். இரண்டு பக்கமும் கதவைச் சாத்தினால் உள்ளே இருப்பது எங்கே போகும்? விட்டால் இதயத் துடிப்பு தாறுமாறாகும், வலிப்பு வரும்.

தியோஃபிலின் அளவைப் பார்க்கும் டெஸ்ட் எங்கள் லேபில் கிடையாது. அளவுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை என்றேன். வாட்சைப் பார்க்கும் டாக்டர் என்னைப் பார்த்தார். டெரிஃபிலினை நிறுத்தினார், கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் டெஸ்டில் அதற்குக் கிருமி கட்டுப்படும் என்று வந்த வேறு ஆன்டிபயாடிக்குக்கு மாற்றினார். அடுத்த நாள் அதற்கடுத்த நாளென்று நடுக்கம் அடங்கியது. எத்தனை பீடி என்பதற்கு மருந்துச் சார்ட்டில் கட்டம் இல்லை. கீழே பார்மசியில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருந்தால் சிப்ரோவும் டெரிஃபிலினும் மோதுவதை அது சிவப்பில் காட்டியிருக்கும், சரி. ஆனால் அந்தக் கம்ப்யூட்டர் ஒரு நாளில் காட்டும் சிவப்புகளை எண்ணினால் யாரும் அதை நம்பமாட்டார்கள்.

இந்தத் தொழிலில் ரொம்பப் பேர் பேசாத விஷயம் அதுதான்: எதைச் சொல்லாமல் விடுவது. பன்னிரண்டு மருந்து எழுதிய சார்ட்டை மென்பொருளில் போட்டால் எச்சரிக்கைகள் கொட்டும். பாதி புத்தகத்துக்கு உண்மை, கட்டிலுக்குப் பொருந்தாது. எல்லாவற்றையும் படித்துக்காட்டும் பார்மசிஸ்டை ஒரு வாரத்தில் யாரும் கேட்கமாட்டார்கள், பதின்மூன்றாவதாக அவர் சொல்வதுதான் உயிர்போகிற விஷயமாக இருக்கும். ஒரு கட்டிலுக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. ஹெப்பாரின், இன்சுலின், பொட்டாசியம், டிகாக்சின், வார்ஃபரின் மாதிரி அளவு தப்பினால் ஆபத்தான மருந்துகள் இருக்கும் சார்ட்டை இரண்டு தடவை பார்ப்பேன். காரணமே இல்லாமல் ஓடும் பான்டோப்ரசோல் என்ற வயிற்று அமில ஊசியை டாக்டர் நல்ல மூடில் இருக்கும் நாளுக்கு ஒத்திவைப்பேன்.

அதே மாதிரி, கேட்க வேண்டிய கேள்விகளும் ஊருக்கு ஊர் வேறு. எந்தப் பாடப்புத்தகமும் எனக்குச் சொல்லித்தராத ஒன்று: பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுக்காவில், அதாவது எங்கள் பக்கத்தில், கள்ளைப் பற்றிக் கேட்காமல் மருந்து கொடுக்கக் கூடாது. கேரளத்தின் பல ஊர்க் கள்ளுக்கடைகளுக்கு எங்கள் தென்னந்தோப்புகளிலிருந்துதான் வண்டி போகிறது. அந்தப் பக்கம், தமிழ்நாட்டில், 1987இலிருந்து கள்ளுக்குத் தடை. அதனால் எல்லை தாண்டி வந்து குடித்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு. "குடிப்பீங்களா?" என்று கேட்டால் "ஐயோ, அந்தப் பழக்கமே இல்லீங்க" என்பார்கள். "கள்ளு?" என்றால், "அது ஒடம்புக்கு நல்லதுதானுங்களே!"

செஃபோபெரசோன் சல்பாக்டம் என்று ஒரு ஆன்டிபயாடிக் ஊசி, எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் தண்ணீராகப் புழங்குவது. அது உடம்பில் இருக்கும்போது கள்ளோ சாராயமோ போனால், ஆல்கஹால் பாதிவழியில் நஞ்சாகத் தேங்கும். முகம் சிவந்து, படபடப்பு, வாந்தி, தலையிடி. கடைசி ஊசிக்குப் பிறகும் மூன்று நாள் வரை அந்த அபாயம் உண்டு. டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்குப் போகும் வழியில் மச்சான் வாங்கித் தருவதுதான் முதல் செம்பு. அதனால் ரவுண்ட்ஸில் இந்த மருந்து பெயர் கேட்டதும் நான் மனைவியைத் தேடுவேன். "அக்கா, மூணு நாளைக்கு வூட்டுக்காரர் கள்ளுக்கடைப் பக்கம் போகாம பாத்துக்கோங்க." அவர்கள் கண்ணில் தெரியும் சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும். "மூணு மாசம்னு சொல்லும்மிணி" என்று காதோடு கேட்டவர்களும் உண்டு. சொல்லமாட்டேன். ஒரு பொய் சொன்னால் அடுத்த உண்மைக்கு மதிப்பில்லை.

ஆன்டிபயாடிக் பற்றித் தனியாகவே எழுதலாம், இன்று வேண்டாம். கிருமிகள் ஆன்டிபயாடிக்குக் கட்டுப்படாமல் போவதைத் தடுக்கக் கேரளம் 2018இலேயே செயல்திட்டம் போட்டது, 2024 ஜனவரியில் சீட்டில்லாமல் விற்பதைப் பிடிக்க ஆபரேஷன் அம்ரித் தொடங்கியது, ஆன்டிபயாடிக்கை நீலக் கவரில் போட்டுக் கொடுப்பதும் வந்தது. வார்டில் என் பங்கு சின்னது: மூன்றாம் நாள் கேள்வி. காய்ச்சல் போயிற்று, வாயால் சாப்பிடுகிறார், கல்ச்சர் வந்தாயிற்று, இனி ஊசி எதற்கு, மாத்திரைக்கு மாற்றலாமா? ஊசியை நிறுத்தினால் சில சொந்தக்காரர்களுக்கு வருத்தம். ஊசி போட்டால்தானே வைத்தியம்.

எருத்தேம்பதிப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். வாயெல்லாம் புண், தண்ணீர்கூட முழுங்க முடியவில்லை, காய்ச்சல், வெள்ளை அணுக்கள் 1,800. டெங்குவா என்று பார்த்தார்கள், இல்லை. ரவுண்ட்ஸில் எல்லோரும் நிற்கும்போது பையிலிருந்து ஒரு கவர் வந்தது. மூட்டுவாதத்துக்கு வேறொரு இடத்தில் கொடுத்த மெத்தோட்ரெக்சேட் 7.5 மில்லிகிராம். வாரம் ஒரே ஒரு நாள் போட வேண்டியது. கவரில் அப்படித்தான் தெளிவாக எழுதியிருந்தது, அழகான மலையாளத்தில். அந்த அம்மா தமிழ்ப் பள்ளியில் ஐந்தாவது வரை படித்தவர். மற்ற மாத்திரை எல்லாம் தினமும் போடுவதுதானே என்று இதையும் பத்து நாள் தினமும் போட்டிருக்கிறார். எலும்பு மஜ்ஜை முடங்கிப்போயிருந்தது. அன்றே அதற்கு மாற்று மருந்தான லூகோவோரின் ஊசி தொடங்கினார்கள். பிழைத்துக்கொண்டார்.

டிஸ்சார்ஜன்று வேறு மருந்துகளைப் பற்றிப் பேசிவிட்டு, மூட்டுவாத டாக்டரிடம் காட்டாமல் இனி அதைத் தொடவே கூடாது என்றேன். "ஒருவேளை அவர் மறுபடி ஆரம்பிச்சார்னா எந்தக் கிழமை உங்களுக்கு மறக்காது?" என்றும் கேட்டேன். "வெசாழக்கெழமைங்க. அன்னைக்குத்தான் சந்தை." அந்த டாக்டருக்கு எழுதிய கடிதத்தில் அதையும் சேர்த்தேன்: இவருக்கு வியாழக்கிழமை, தமிழில் எழுதிக் கொடுக்கவும். அதிலிருந்து எங்கள் வார்டில் தமிழ் படிப்பவர்களுக்கு அட்டைமேல் நானே மார்க்கரில் எழுதுகிறேன். காலை, ராத்திரி, சாப்பிடும் முன், சாப்பிட்ட பின். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு சூரியனும் நிலாவும். என் போன் நம்பரும் கொடுப்பேன். அதில் வரும் கேள்விகளுக்கு அளவே கிடையாது. காய்ச்சல் மாத்திரையில் மிச்சம் இருப்பதை சினை மாட்டுக்குக் கொடுக்கலாமா என்று ஒருவர் கேட்டார். கேட்டுவிட்டுக் கொடுக்கலாம் என்று தோன்றியதே, அதுவரை லாபம்.

இவ்வளவு வேலைக்கும் ஊரில் ஒரு பெயர் இல்லை. இந்தியாவில் இந்தத் துறை வேர்விட்டது 1990களின் பிற்பாதியில், மைசூரிலும் ஊட்டியிலும் இருக்கும் ஜே.எஸ்.எஸ். கல்லூரிகளில். இந்திய பார்மசி கவுன்சில் 2008இல் ஃபார்ம்.டி. (டாக்டர் ஆஃப் பார்மசி) என்று ஆறு வருஷப் படிப்பைக் கொண்டுவந்தது, கடைசி வருஷம் முழுக்க ஆஸ்பத்திரியில். 2015இல் வந்த பார்மசி பிராக்டிஸ் விதிமுறைகளில் எங்கள் வேலை எழுத்திலும் ஏறியது. பெயருக்கு முன்னால் டாக்டர் போட்டுக்கொள்ளலாமா என்று என் செட்டில் பாதிப் பேர் இன்னும் சண்டை போடுகிறார்கள். எனக்கு அதில் ஆர்வமில்லை. என் சண்டை சம்பளத்தோடும் நேரத்தோடும். முன்பு வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் ஆடிட் வரும் மாதம் ரவுண்ட்ஸ் நின்றுவிடும். என்.ஏ.பி.எச். தரச்சான்றுக்காக ஃபைல் நிரப்ப உட்கார வைப்பார்கள். பார்மசிஸ்ட் சார்ட்டைப் பார்த்தார் என்று கையெழுத்துப் போடும் கட்டங்கள், சார்ட்டைப் பார்க்க நேரமில்லாத பார்மசிஸ்ட். "நீ ரவுண்ட்ஸ் போய் என்ன பில் ஆகுது?" என்று அங்கே ஒரு மேனேஜர் கேட்டார். நான் நிறுத்தச் சொல்லும் ஊசிகளால் பில் குறையத்தான் செய்யும். அவர் கேள்வி நியாயமானது, அவர் நாற்காலியிலிருந்து பார்த்தால்.

இப்போது இருக்கும் இடம் தேவலை. மருந்தால் வந்த பாதிப்பை எழுதி அனுப்ப எனக்கு நேரம் கொடுக்கிறார்கள். பி.வி.பி.ஐ. என்று 2010இல் தொடங்கிய தேசியத் திட்டம் இருக்கிறது, காஸியாபாதிலிருந்து நடக்கிறது. மாத்திரை போட்டதும் உடம்பில் தடித்தாலோ வீங்கினாலோ 1800-180-3024 என்ற இலவச எண்ணில் நீங்களே சொல்லலாம், டாக்டர் மூலமாகத்தான் என்றில்லை. வாட்சைப் பார்க்கும் டாக்டர் இப்போது என்னைக் காணோம் என்றால் ரவுண்ட்ஸ் தொடங்காமல், "நம்மட பார்மசிஸ்ட் எவிடே?" என்று கேட்கிறார். எனக்குப் பதவி உயர்வு என்று ஏதாவது கிடைத்திருக்கிறதென்றால் அதுதான்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவு, எனக்குப் பதில் வேறு ஆள் கிடையாது. சனி ராத்திரி அட்மிஷன் ஆகிறவர்களின் மஞ்சப்பை திங்கட்கிழமை காலைவரை கட்டிலுக்கடியில் அப்படியே இருக்கும். இன்னொருவரை எடுங்கள் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன், பார்க்கலாம் என்று பதில் வந்திருக்கிறது. அதுவரை கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துச் சொந்தபந்தங்களுக்கு ஒரு வேண்டுகோள். வார இறுதியில் ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தால் நான் வருவேன் என்று இருக்காதீர்கள். டியூட்டி டாக்டர் கையில் பையை நீங்களே கொடுங்கள். அட்டையில் பெயர் இருக்கும் ஓரத்தை மட்டும் கத்தரிக்காதீர்கள். கஷாயம், லேகியம், எல்லைக்கு அந்தப் பக்கம் கொடுத்தது, இந்தப் பக்கம் கொடுத்தது, எதையும் மறைக்காமல் எல்லாவற்றையும் எடுத்து வெளியே வையுங்கள். கள்ளையும் சொல்லிவிடுங்கள்.